சேலம் மாடியிலும் ஏற்காட்டுத் தோட்டத்திலும் சுக்கினி வளர்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் நகருக்குள் மாடியில் குரோ பேக் வைத்திருப்பவர்களுக்கும், ஏற்காட்டில் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டியிருப்பவர்களுக்கும் சுக்கினி (பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் பூசணி வகைக் காய்) பற்றி எழுதிய பதில்கள் இவை. இரண்டு ஊருக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் பட்டம் (விதைக்கும் பருவம்), மண், தண்ணீர், பூச்சி எல்லாமே மாறிவிடும். அதனால் தேவைப்படும் இடத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சேலத்து வெயிலில் சுக்கினி வருமா?

பட்டம் பார்த்துப் போட்டால் வரும். சுக்கினிக்குப் பிடித்தது 18 முதல் 27 டிகிரி வரை. 32-ஐத் தாண்டினால் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும், மகரந்தத்தின் வீரியமும் குறையும். மார்ச் பாதிக்கு மேல் சேலத்தில் பகல் வெப்பம் 37, 38 என்று நிற்கும்போது, எந்த உரம் போட்டாலும் அந்தச் செடியில் காய் நிற்காது. நிழல்வலை கட்டினால் இலை வாடுவது குறையும், அவ்வளவுதான். காற்றின் சூட்டை வலை குறைக்காது.

சேலத்துக்கான விதைப்பு ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடிய, அதாவது நவம்பர் பாதி முதல் டிசம்பர் பாதி வரை. அடைமழை ஓய்ந்திருக்கும், பகல் வெப்பம் 30-ஐ ஒட்டி இருக்கும். விதைத்த 45 முதல் 50 நாளில் முதல் காய் பறிக்கலாம். மாசி முடிவதற்குள் செடி தன் வேலையை முடித்துவிடும். ஆடிப்பட்டத்தில் மற்றக் கொடிவகைகளோடு சேர்த்துச் சுக்கினியையும் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பீர்க்கும் புடலையும் ஆடிக்குச் சரி, சுக்கினிக்குச் சரியில்லை. ஆடிக்காற்றில் உள்கூடான அதன் தண்டு ஒடிந்துவிடும், புரட்டாசி மழையில் பூ அழுகும்.

ஏற்காட்டில் எப்போது?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இந்த 1,200 மீட்டர் ஏற்றத்துக்கு வெப்பம் 7, 8 டிகிரி இறங்குகிறது. அதனால் கீழே சுக்கினி முடியும் காலத்தில் மேலே தொடங்கும். தை கடைசியில் வீட்டுக்குள் காகிதக் கப்பில் விதை போட்டு, மாசியில் நட்டால் பங்குனி முதல் வைகாசி வரை காய்க்கும். மார்கழியில் போட்டால் இரவுக் குளிரில் விதை முளைக்காமல் மண்ணிலேயே அழுகும். ஜூனுக்கு மேல் மழையும் மூடுபனியும் இலை காயவே விடாது. அந்தக் காலத்தை மேலே சௌசௌவுக்கும் பீன்ஸுக்கும் விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம்: காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சில்வர் ஓக் மர நிழல் பெரிய தடை. சுக்கினிக்கு நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். நிழலில் செடி நீண்டு வளரும், பூக்காது.

எவ்வளவு பெரிய பை வேண்டும்? மாடி தாங்குமா?

18-க்கு 18 அங்குல குரோ பேக்கில் ஒரே ஒரு செடி. முக்கால் அளவு நிரப்பினால் 55 லிட்டர் கலவை பிடிக்கும். 15-க்கு 15 பையிலும் வளரும், ஆனால் தை மாதத்து வெயிலுக்கே மத்தியானம் துவண்டு நிற்கும். 12-க்கு 12 பையைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த நிலையில் 18 அங்குலப் பை 60 கிலோவுக்கு மேல் இருக்கும். எனவே தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காமல், கைப்பிடிச் சுவரை ஒட்டியோ கீழே உத்தரம் ஓடும் வரிசையிலோ வையுங்கள். பைக்கு அடியில் இரண்டு செங்கல் அல்லது தாங்கி கட்டாயம். தண்ணீர் தேங்கினால் செடிக்கும் கேடு, தளத்துக்கும் கேடு.

தரையில் என்றால் ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி, செடிக்குச் செடி 3 அடி. சுக்கினி கொடி ஓடாது, புதராக நிற்கும். பந்தல் தேவையில்லை, ஒரு முட்டுக்குச்சி போதும்.

மண் கலவை என்ன விகிதம்?

சேலம் மாடிக்கு: செம்மண் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் அல்லது ஆட்டெரு 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கலந்து நனைத்துப் பத்து நாள் விட்டுவிட்டு அப்புறம் நடுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் இளவேர் கருகும். நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், இலை விளிம்பு காய்வதற்குப் பாதி காரணம் அதுதான்.

இங்கே உள்ளூர் மண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளைக்கல் எடுக்கும் பூமி மக்னீசியம் மிகுந்த பாறை. அந்த வட்டாரத்து மண்ணிலும் போர் தண்ணீரிலும் மக்னீசியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. மாடித் தோட்ட வீடியோக்களில் ‘எல்லாச் செடிக்கும் எப்சம் சால்ட் ஒரு ஸ்பூன்’ என்று சொல்வதை அப்படியே செய்யாதீர்கள். எப்சம் உப்பு என்பதே மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் மிகுந்தால் வேர் சுண்ணாம்புச் சத்தை (கால்சியம்) எடுப்பது குறையும், காயின் நுனி அழுகும். சாம்பலும் காரமானது, அதனால் காரத்தன்மையுள்ள மண்ணில் அடுப்புச் சாம்பலும் வேண்டாம்.

ஏற்காட்டில் நேர் எதிர். மழை அலசிய, புளிப்பான செம்மண். அமில காரக் குறியீடு (pH) 6-க்குக் கீழே இருந்தால், நடுவதற்கு மூன்று வாரம் முன்பு சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத்தூள் தூவிக் கிளறிவிடுங்கள். காப்பிப் பழத்தோலை ஆறு மாதம் மக்க வைத்த உரம் அருமையானது. பச்சையாகப் போட்டால் வேர் வெந்துபோகும். மண் பரிசோதனைக்குச் சேலத்தில் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பை மண்ணுக்கு அது அவசியமில்லை, தரையில் போடுகிறவர்கள் ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது.

விதையை நேரடியாகப் போடலாமா, நாற்று விடலாமா?

நேரடியாகப் போடுவதே நல்லது. வேர் அசைந்தால் ஒரு வாரம் சோர்ந்து நிற்கும் செடி இது. 2 செ.மீ. ஆழத்தில், விதையைப் படுக்க வைக்காமல் ஓரமாகச் செருகி, பைக்கு இரண்டு விதை. ஐந்தாறு நாளில் முளைக்கும். இரண்டாவது இலை வந்ததும் தளர்ந்த நாற்றைப் பிடுங்காமல் கத்தரியால் அடியோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் கிளம்பும். அணில், எலித் தொல்லை உள்ள மாடியில் காகிதக் கப்பில் வளர்த்து, 12 முதல் 15 நாளில் கப்பின் அடியைக் கிழித்துவிட்டு அப்படியே நடலாம்.

கடையில் வாங்கும் வீரிய விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறி இருந்தால் அது பூஞ்சணக்கொல்லி மருந்து. ஊற வைக்க வேண்டாம். தொட்ட கையைக் கழுவுங்கள்.

எத்தனை செடி? நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நான்கு. ஒற்றைச் செடி வைத்தால் பெண்பூ மலரும் காலையில் ஆண்பூ இல்லாமல் போகலாம். இரண்டை இப்போதும், மீதி இரண்டை மூன்று வாரம் கழித்தும் போட்டால் காய் ஒரேயடியாகக் குவியாது.

பூக்கிறது, காய்க்கவில்லை. ஏன்?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். முதல் ஒரு வாரம், பத்து நாள் வரும் பூக்கள் எல்லாம் ஆண்பூக்களே. அது இயல்பு, உரம் தேவையில்லை. ஆண்பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு. பெண்பூவுக்கு அடியில் சுண்டுவிரல் அளவு பிஞ்சு ஒட்டியிருக்கும்.

பெண்பூ வந்தும் பிஞ்சு வெம்பினால், மகரந்தம் சேரவில்லை. சுக்கினியின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது, தேனீதான் சுமக்க வேண்டும். மூன்றாவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு. துளசி, செண்டுமல்லி, சூரியகாந்தி நான்கு தொட்டி வைத்தால் வரத்து கூடும். அதுவரை கையால் செய்யுங்கள்.

காலை 6 முதல் 8 மணிக்குள். அன்று மலர்ந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, மஞ்சள் இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் தண்டில் விரலை வைத்தால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் பூ வேண்டாம். பெண்பூவின் நடுவில் மூன்று பிரிவாக, ஈரப் பளபளப்போடு சூல்முடி இருக்கும். மூன்று பிரிவிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து வளைந்து வரும். ஓர் ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். 9 மணிக்கு மேல் பூ சுருங்கத் தொடங்கிவிடும், அப்புறம் செய்து பயனில்லை.

மழை வரும்போல் இருந்தால் முந்தின மாலையே மறுநாள் மலரப்போகும் மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். பரங்கிப்பூவின் மகரந்தத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். நம் ஊர்ப் பரங்கி வேறு இனம், அதை நம்ப வேண்டாம்.

பிஞ்சு அழுகுகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைவா?

அழுகல் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. காயைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

பூ வாடிய இரண்டு மூன்று நாளில், விரல் நீளப் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி மெத்தென்று ஆனால், மகரந்தம் சேராதது. மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

காய் ஓரளவு வளர்ந்த பிறகு, பூ இருந்த நுனி மட்டும் பழுப்பாகி, தோல்போல் தடித்து உள்வாங்கினால், அது சுண்ணாம்புச் சத்து நுனிக்குப் போய்ச் சேராதது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், தண்ணீர்தான் ஒழுங்காக இருக்காது. இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விட்டால் இது வரும். முட்டை ஓட்டுத்தூள் இந்தப் பருவத்துக்கு உதவாது, அது கரைய மாதக்கணக்கில் ஆகும். மூடாக்கு (மண்ணின் மேல் காய்ந்த சருகு) போட்டு, தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் சரியாக வரும்.

காயின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல் புள்ளி, அதில் பிசின் வடிந்து உறைந்திருந்தால் பழ ஈ. அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். இதற்குக் கியூ லூர் (ஆண் ஈயை ஈர்க்கும் வாசனைப் பொருள்) வைத்த பொறி வாங்க வேண்டும். மாம்பழ ஈக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறியில் பூசணி வகையைத் தாக்கும் ஈ விழாது. கடையில் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். அதனால் மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சைக் காகிதப் பையால் மூடுவதுதான் உறுதியான வழி. விழுந்த காயை மண்ணில் புதைக்காதீர்கள், புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வெயிலில் போடுங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

மார்கழி, தையில் 18 அங்குலப் பைக்கு நாளுக்கு 2 முதல் 3 லிட்டர், மாசியில் 4 வரை. காலையில் அடிமண்ணில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் விட்டு ஈரம் தெரிந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மத்தியானம் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. மாலையிலும் துவண்டிருந்தால் வேரைப் பாருங்கள்.

போர் தண்ணீர் மட்டும் விடும் வீடுகளில் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். 15 நாளுக்கு ஒரு முறை காவிரித் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீரைப் பையின் அடியில் வழியும்வரை ஊற்றி உப்பை இறக்குங்கள்.

மேலுரம்?

25-ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை 1 லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, செடிக்கு 1 லிட்டர். இடையில் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். இதற்கு மேல் கொடுத்தால் இலை முறம் முறமாக விரியும், பெண்பூ குறையும்.

இலையில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, நோயா?

விரலால் தேய்த்துப் பாருங்கள். பல சுக்கினி ரகங்களுக்கு நரம்பை ஒட்டி வெள்ளி நிறத் திட்டு பிறவியிலேயே உண்டு, அது தேய்த்தாலும் போகாது. அதற்கு மருந்தடிக்கிறவர்கள் நிறைய பேர். மாவுபோல் கையில் ஒட்டினால் சாம்பல் நோய். இலை முழுவதும் வெள்ளி பூசியதுபோல் வெளுத்து, அடியில் சிறு வெள்ளை ஈக்கள் பறந்தால் அது ஈயின் வேலை.

சாம்பல் நோய்க்கு ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒரு முறை காலை வெயிலில் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். பிரேசிலில் சுக்கினியிலேயே சோதித்து 1999-ல் வெளியான ஆய்வில் இது நன்றாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் நோய் தொடங்கும்போதே தெளிக்க வேண்டும். பூசணி வகைகளில் கந்தகத் தூள் தூவ வேண்டாம், இலை கருகும். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு காதி சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். காலையில் அடித்தால் தேனீ ஒதுங்கிவிடும்.

இலை சுருங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து, காய் முண்டும் முடிச்சுமாக வந்தால் அது வைரஸ். மருந்து கிடையாது. அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மனசு கேட்காமல் விட்டுவைத்தால் மற்ற மூன்று செடியும் போகும்.

நாற்றுப் பருவத்தில் ஆரஞ்சு நிற வண்டு விதையிலைகளைச் சல்லடையாக்கும். முதல் மூன்று வாரம் கொசுவலை போட்டு மூடி, பூக்கும்போது எடுத்துவிட்டால் போதும்.

எப்போது பறிப்பது?

15 முதல் 20 செ.மீ. நீளத்தில். பூ வாடி நான்கு முதல் ஆறு நாளில் அந்த அளவு வந்துவிடும். காயை விட்டுவைத்தால் முற்றி விதை கட்டும், செடி புதுப் பூ விடுவதை நிறுத்தும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். இரண்டு செ.மீ. காம்போடு கத்தியால் அறுங்கள், திருகாதீர்கள். இலைக்காம்பில் சுணை இருக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. தோல் சீவ வேண்டாம். கூட்டுக்கோ பொரியலுக்கோ தண்ணீர் ஊற்றாமல், உப்பைக் கடைசியில் போட்டு வதக்குங்கள். மிஞ்சும் ஆண்பூ பஜ்ஜிக்கு ஆகும்.

காய் கசக்கிறது. வேக வைத்தால் சரியாகுமா?

ஆகாது. கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். சமைத்ததையும் கொட்டிவிடுங்கள். பூசணி வகையில் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் அதற்கு மேலும் கொண்டுபோகும். சுரைக்காய்க்கும் இதே விதி. சமைக்கும் முன் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு, அதற்கு இந்த விதி இல்லை.

வீட்டில் எடுத்த சுக்கினி விதையை நாங்கள் பரிந்துரைக்காததும் இதனால்தான். வீரிய ரகத்தின் விதை தாயைப்போல வராது. பக்கத்தில் அலங்காரப் பூசணி இருந்து மகரந்தம் கலந்திருந்தால் கசப்பும் ஏறலாம்.

ஏற்காட்டில் குரங்கும் காட்டெருமையும் வருகின்றனவே?

குரங்குக்கு மேலும் மூடிய வலைக்கூண்டு தவிர வேறு வழி நிலைக்காது. காட்டெருமை வரும் பக்கத்தில் காய்கறிப் பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டியே வையுங்கள். கழிவுக் காய்களை வெளியே குவிக்காதீர்கள். இருட்டிய பின் தோட்டத்துக்குள் போக வேண்டாம். மழைக்குப் பிறகு வரும் நத்தைகளை ராத்திரி ஈரச்சாக்கு விரித்து வைத்து, காலையில் அதன் அடியிலிருந்து பொறுக்கலாம்.

சுக்கினி இல்லாத மாதங்களில் என்ன போடலாம்?

சேலத்தில் மாசி, பங்குனியில் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு. மூன்றும் வெயிலுக்கு அஞ்சாதவை. வெண்டை விதையை ஒரு இரவு ஊற வைத்துப் போட்டால் 45 நாளில் காய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் ஏறும். ஆடியில் பீர்க்கு, புடலை, அவரை, கத்தரி, மிளகாய். தக்காளிக்குப் புரட்டாசி நாற்றும் கார்த்திகைக் காய்ப்பும் நன்றாக அமையும். 35 டிகிரியைத் தாண்டினால் அதுவும் பூவை உதிர்க்கும். அரைக்கீரை, சிறுகீரை ஆண்டு முழுவதும் வரும், அடைமழை நாட்கள் தவிர.

ஏற்காட்டில் சௌசௌ ஒரு கொடி ஒரு வீட்டுக்கே போதும். முளைவிட்ட முழுக் காயையே சித்திரை, வைகாசியில் பாதி புதையும்படி நட்டு, உறுதியான பந்தல் போடுங்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்கு மண்ணை ஒரு அடி ஆழம் கல்லில்லாமல் கிளறினால்தான் கிழங்கு நேராக இறங்கும்.

சுக்கினி முடிந்த பையில் உடனே அடுத்த செடி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் சுரை, பூசணி, வெள்ளரி, பாகல் வேண்டாம். பழைய செடியை வேரோடு எடுத்துவிட்டு, பழ ஈயின் கூட்டுப்புழு இருக்கும் மேல் மண்ணை நான்கு அங்குலத்துக்குக் கிளறி, ஒரு வாரம் வெயிலில் காய விடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழு. அந்த மண்ணில் இன்னொரு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, அந்தப் பையில் இந்த முறை வெண்டையும் தக்காளியும் தவிர்த்து, செண்டுமல்லி வையுங்கள். வேர் சுத்தமாக இருந்தால் 2 கிலோ மண்புழு உரம் சேர்த்து மாசியிலேயே கொத்தவரை விதைக்கலாம்.